மேலே இரண்டே கால் மணி, கீழே ஒரு பகலும் ஒரு ராத்திரியும்: சென்னை–கொல்கத்தா தூரத்தின் கதை

(எபிசோடில் பேசியதைச் சற்றே சுருக்கி, படிப்பதற்கு ஏற்றபடி திருத்தித் தந்திருக்கிறோம்.)

இன்றைக்குக் கதை ஆரம்பிக்கிற ஊர் பேரே ஆரம்பாக்கம். கும்மிடிப்பூண்டி தாண்டி, எளாவூர் தாண்டி, ஜி.என்.டி. ரோட்டில் தமிழ்நாட்டின் கடைசி ஊர். இதற்கு அடுத்து தடா, ஆந்திரா. வடக்கே இருந்து வர்றவங்களுக்கு இங்கேதான் தமிழ்நாடு ஆரம்பம், நமக்கு இதோடு முடிந்தது. கிழக்கே பழவேற்காடு ஏரி. ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விட்டால் இந்த ஊர் மொட்டை மாடியிலிருந்தே பார்க்கலாம்.

கொஞ்ச நாளைக்கு முன்னாடி இங்கே ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பையன், இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயசு இருக்கும். மேற்கு வங்காளம், மேதினிப்பூர் பக்கம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் வேலை. ஆரம்பாக்கத்தில் ஆறு பேர் சேர்ந்து ஒரு ரூம். மூணு வருஷத்தில் தமிழ் நல்லாவே வந்துவிட்டது. போனை என்னிடம் நீட்டி, "அண்ணா, இது நிஜமா?" என்று கேட்டான். சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்கு விமான தூரம் எவ்வளவு, நேரம் எவ்வளவு என்று தேடியிருக்கிறான். சுமார் 1,385 கிலோமீட்டர், இரண்டே கால் மணி நேரம் என்று வந்திருந்தது.

"ரெண்டு மணி நேரத்துல வீட்டுக்குப் போயிடலாமா அண்ணா?"

அவனுடைய அப்பாவை அன்று காலையில்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். தங்கச்சி வாட்ஸ்அப்பில் வீடியோ கால் போட்டுக் காட்டியிருக்கிறாள்.

அவனிடம் அப்போது நான் என்ன சொன்னேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் நடுவே இருக்கிற தூரம் 300 வருஷமாக மாறவே இல்லை. நேரம் மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. அது யாருக்கு எப்போது குறைந்தது, எதனால் குறைந்தது? இதுதான் இன்றைய எபிசோட்.

தூரம் என்றால் எந்த தூரம்?

முதலில் ஒரு சின்ன விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கலாம். போனில் வருகிற 1,385 கிலோமீட்டர் என்பது உருண்டையான பூமியின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் வருகிற மிகக் குறுகிய தூரம். சென்ட்ரலிலிருந்து ஹவுராவுக்கு ரயில் பாதை 1,662 கிலோமீட்டர். கிட்டத்தட்ட 280 கிலோமீட்டர் அதிகம். ஏன்?

மேப்பை எடுத்துப் பாருங்க. நேர்கோடு மீனம்பாக்கத்தில் கிளம்பி, சென்னையைத் தாண்டியதும் கடலில் இறங்கிவிடுகிறது. மசூலிப்பட்டணம், விசாகப்பட்டினம் எல்லாம் இடது பக்கம் ஒதுங்கி நிற்க, ஒடிசாவில் பூரி–பாரதீப் பக்கம் போய்த்தான் மறுபடி கரையைத் தொடுகிறது. ரயில் அப்படிப் போக முடியுமா? அது ஆரம்பாக்கம் வழியாக நேர் வடக்கே கூடூர், நெல்லூர், விஜயவாடா வரை ஏறி, அதற்கு அப்புறம்தான் வடகிழக்கே திரும்புகிறது. கரை வளைகிற மாதிரி பாதையும் வளைகிறது. அந்த வளைவின் விலைதான் 280 கிலோமீட்டர்.

இந்த நேர்கோட்டுத் தூரத்தை முதலில் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அதற்கும் சென்னைக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. 1802-இல் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலைக்குப் பக்கத்தில் எஃகுச் சங்கிலியால் ஒரு அடிக்கோடு அளந்தார். நீளம் வெறும் ஏழரை மைல், அதாவது 12 கிலோமீட்டர். அதை அளந்து முடிக்க 57 நாள் ஆனது. அந்த ஒரு கோட்டை வைத்து முக்கோணம் முக்கோணமாக நாடு முழுக்க அளந்துகொண்டே போனதுதான் பின்னாளில் இந்தியப் பெரும் முக்கோண அளவீடு. 1830-களின் தொடக்கத்தில் ஜார்ஜ் எவரெஸ்ட் கல்கத்தாவிலும் ஒரு அடிக்கோடு அளந்தார், பாரக்பூர் நெடுஞ்சாலை ஓரமாக. அதற்காகக் கட்டிய கோபுரங்கள் இன்னும் அங்கே நிற்கின்றன.

இதில் ஒரு வேடிக்கை. பரங்கிமலை எங்கே இருக்கிறது? சென்னை விமான நிலையத்தை ஒட்டி. பாரக்பூர் ரோடு எங்கே? டம்டம் விமான நிலையம் இருக்கும் அதே வட கொல்கத்தாப் பக்கம். இன்றைக்கு விமானம் ஏறுகிற இடத்துக்கும் இறங்குகிற இடத்துக்கும் பக்கத்திலேயேதான் அந்தக் காலத்தில் தூரத்தை அளக்க உட்கார்ந்திருக்கிறார்கள்.

சேதியும் ஆளும் ஒரே வேகத்தில் போன காலம்

சரி, இப்போது நேரத்துக்கு வருவோம். 1756-க்குப் போகலாம்.

அந்த வருஷம் ஜூன் 20-ஆம் தேதி கல்கத்தா கோட்டையை வங்காள நவாப் சிராஜ் உத் தௌலா பிடித்துவிட்டார். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அது பெரிய அடி. உதவி கேட்க வேண்டிய இடம் சென்னை, செயின்ட் ஜார்ஜ் கோட்டை. இந்தச் செய்தி சென்னைக்கு வந்து சேர்ந்தது எப்போது தெரியுமா? ஆகஸ்ட் மாதம். கல்கத்தா கை மாறியது தெரியாமலே சென்னையில் ஏழெட்டு வாரம் வழக்கம்போல வியாபாரம் நடந்துகொண்டிருந்திருக்கிறது.

செய்தி வந்தவுடன் கிளம்பினார்களா? அதுவும் இல்லை. யார் தலைமை, எத்தனை கப்பல், எத்தனை பேர் என்று பேசிப் பேசி அக்டோபர் நடுவில்தான் அட்மிரல் வாட்சனும் ராபர்ட் கிளைவும் கப்பல் ஏறினார்கள். அக்டோபர் நடு என்றால் என்ன பருவம்? நமக்கு மழை கொண்டு வருகிற வடகிழக்குப் பருவக்காற்று தொடங்குகிற நேரம். அந்தக் காற்று எங்கிருந்து வீசுகிறது? கல்கத்தா இருக்கிற திசையிலிருந்துதான். பாய்மரக் கப்பல் அந்தக் காற்றுக்கு எதிராக முட்டி மோதிப் போக வேண்டும். வங்காளம் போய்ச் சேர டிசம்பர் ஆகிவிட்டது. 1757 ஜனவரி 2-ஆம் தேதிதான் கல்கத்தாவைத் திரும்பப் பிடித்தார்கள். அங்கிருந்துதான் பிளாசி, அதற்கப்புறம் நடந்ததெல்லாம் நமக்குத் தெரியும்.

இந்தக் கதையில் ஒரு விஷயத்தைக் கவனிங்க. சேதி போக வாரக்கணக்கு, ஆள் போகவும் வாரக்கணக்கு. இரண்டும் ஒரே கப்பலில்தான், இல்லையென்றால் ஒரே மனுஷன் காலில்தான் போயின. தரை வழியில் தபால்காரன் கையில் ஈட்டி, சலங்கை, ராத்திரியில் தீவட்டியோடு ஓடுவான். அவன் ஓட்டத்தை அடுத்தவன் வாங்கிக்கொள்வான். இதே ஜி.என்.டி. ரோட்டின் பழைய தடத்தில்தான் அந்த ஓட்டமும். வழியில் ஆறு குறுக்கிட்டால் காத்திருக்கணும். கிருஷ்ணா, கோதாவரி, மகாநதி மூன்றுமே சாதாரண ஆறுகள் இல்லை. வெள்ளம் வந்தால் நாள்கணக்கில் அக்கரைதான்.

தந்தி வந்த வீடு

1855 பிப்ரவரியில் இந்தியாவில் தந்தி பொதுமக்களுக்குத் திறக்கப்படுகிறது. கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை எல்லாம் ஒரே கம்பியில் சேர்ந்துவிட்டன. வாரக்கணக்கில் வந்த சேதி இப்போது அன்றைக்கே வருகிறது.

பெரிய முன்னேற்றம்தான். ஆனால் மனுஷனுக்கு ஒரு புதுத் துயரமும் அன்றைக்கே பிறந்தது. அதுவரைக்கும் ஊரில் அப்பா இறந்த சேதி வருகிறபோதே காரியமெல்லாம் முடிந்திருக்கும். அழுவதைத் தவிர செய்ய ஒன்றும் இருக்காது. தந்தி வந்த பிறகு, "சீரியஸ், உடனே கிளம்பு" என்று சேதி முதலில் வந்துவிடும். போய்ச் சேரத்தான் முடியாது. தெரிந்துகொள்கிற வேகமும் போய்ச் சேருகிற வேகமும் முதல் முறையாகப் பிரிந்த இடம் இது.

நம்ம ஊர்களில் தந்திக்காரர் சைக்கிள் தெருவில் திரும்பினாலே வீட்டில் அழ ஆரம்பித்துவிடுவார்கள். பிரித்துப் படித்தால் வேலைக்கான உத்தரவாக இருக்கும்! பெரியவங்க வீட்டில் இந்தக் கதையைக் கேட்டிருப்பீங்க. இந்தியாவில் தந்தி சேவை 2013 ஜூலையில்தான் நின்றது. அதுவரைக்கும் அந்தப் பயமும் இருந்தது.

ஆரம்பாக்கத்துப் பையனுக்கு வாட்ஸ்அப்பில் அப்பாவின் கட்டிலையே காட்டினார்கள். சேதி வர ஒரு நொடி. ஆனால் இவன் போகிற நேரம்?

விவேகானந்தர் கப்பல் ஏறிய நாள்

அந்த நேரம் எப்படிக் குறைந்தது என்று பார்ப்போம். முதலில் குறைத்தது நீராவி.

நீராவிக் கப்பலுக்குக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்ற கவலை பெரிதாக இல்லை. ஒரு நல்ல உதாரணம் சொல்கிறேன். சிகாகோ சொற்பொழிவுக்குப் பிறகு இந்தியா திரும்பிய விவேகானந்தர், 1897 பிப்ரவரியில் சென்னைக்கு வருகிறார். இன்று விவேகானந்தர் இல்லம் என்று நாம சொல்கிற ஐஸ் ஹவுஸில் ஒன்பது நாள் தங்கினார். பிறகு பிப்ரவரி 15-ஆம் தேதி சென்னையில் கப்பல் ஏறி, 19-ஆம் தேதி கல்கத்தா மக்களின் வரவேற்பில் இருக்கிறார். கிளைவின் படைக்கு ஆன வாரங்கள் விவேகானந்தருக்கு நான்கு நாளாகச் சுருங்கிவிட்டன. அதுவும் அவர் போன வழி கடல்வழி. இன்றைக்கு விமானம் போகிற நேர்கோட்டுக்கு ரொம்பப் பக்கத்து வழி.

அப்போது ரயில் இல்லையா? இருந்தது. ஆனால் சுற்று. 1870, 71 வாக்கிலேயே சென்னையிலிருந்து ராய்ச்சூர் வழியாகப் பம்பாய்ப் பக்கம் போய், அங்கிருந்து ஜபல்பூர், அலகாபாத் வழியாகக் கல்கத்தா போகலாம். மூக்கைச் சுற்றித் தொடுகிற கதை. கிழக்குக் கடற்கரையை ஒட்டிய நேர்வழி 1890-களில்தான் துண்டு துண்டாக வந்தது. சென்னை–விஜயவாடா இணைப்பு 1899-இல் வந்தது. பெரிய ஆறுகளுக்கெல்லாம் பாலம் போட்டு முடித்து, 1900-இல் சென்னைக்கும் ஹவுராவுக்கும் மெயில் ஓட ஆரம்பித்தது. அந்தப் பாதைதான் நம்ம ஆரம்பாக்கம் ஸ்டேஷன் வழியாகப் போகிறது.

அதற்கு முன்னாடி இந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் போக்குவரத்து என்றால் பக்கிங்ஹாம் கால்வாய்தான். பழவேற்காடு ஏரி வழியாக ஆந்திரக் கரையிலிருந்து விறகும் உப்பும் நெல்லும் படகில் சென்னைக்கு வரும். ரயில் வந்தவுடன் படகு மெதுவாக மறைந்தது.

பாரதி 1906 டிசம்பரில் கல்கத்தா காங்கிரஸுக்குப் போனார். தாதாபாய் நௌரோஜி தலைமை வகித்த மாநாடு. நிவேதிதையைச் சந்தித்து, தன் குருவாகவே ஏற்றுக்கொண்டவர் அவர். அவர் போன காலத்தில் கல்கத்தாவில் இறங்குகிறவர்களுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. கடிகாரத்தை மாற்றி வைக்கணும்! 1906 ஜனவரி 1 முதல் இந்தியாவுக்கு ஒரே நேரம் என்று அறிவித்துவிட்டார்கள். ஆனால் கல்கத்தா கேட்கவில்லை. தன் சொந்த நேரத்தையே, நாட்டு நேரத்தைவிடச் சுமார் 24 நிமிடம் முன்னால், 1948 வரைக்கும் வைத்துக்கொண்டது. அதற்கு முன்னாடி சென்னைக்கும் தனி நேரம். ரயில்வேயே சென்னை நேரத்தில்தான் ஓடியது. சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் 32 நிமிட வித்தியாசம். இந்த இரண்டு ஊருக்கும் நடுவே பயண நேரத்தைச் சரியாகச் சொல்வதே ஒரு காலத்தில் கஷ்டம்.

கடிதம் முதலில் பறந்தது

இப்போது விமானம். 1932 அக்டோபர் 15. ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து ஒரு சின்ன புஸ் மாத் விமானத்தில் தபால் மூட்டையோடு கிளம்பி, அகமதாபாத் வழியாகப் பம்பாயில் இறங்கினார். அகமதாபாத்தில் அந்த விமானத்துக்குப் பெட்ரோல் வந்தது மாட்டு வண்டியில், டின் டின்னாக. பம்பாயிலிருந்து நெவில் வின்சென்ட் என்பவர் பெல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலைக் கொண்டுவந்தார். இந்தியாவின் முதல் உள்நாட்டு விமான நிறுவனத்தின் முதல் பயணம் முடிந்த ஊர் சென்னை. ஏறி வந்தது மனுஷன் இல்லை, கடிதம்!

கடிதத்துக்கு அதைவிடப் பெரிய நல்ல காலம் 1949-இல் வந்தது. அப்போது தபால், தந்தி, விமானம் எல்லாம் ரஃபி அகமது கித்வாய் கையில் இருந்த துறை. அந்த வருஷம் ஜனவரி கடைசியில் இரவு விமானத் தபால் தொடங்குகிறது. ஏற்பாடு ரொம்ப எளிமை, ரொம்பப் புத்திசாலித்தனம்.

சென்னை, கல்கத்தா, டெல்லி, பம்பாய். நான்கு ஊரிலிருந்தும் ராத்திரி ஒவ்வொரு டகோடா விமானம் கிளம்பும். நான்கும் நாட்டின் நடுவில் இருக்கிற நாக்பூரில் நள்ளிரவு வாக்கில் கூடும். தபால் மூட்டைகளை மாற்றிக்கொள்வார்கள். அவரவர் ஊருக்கு விடியற்காலையில் திரும்பிவிடுவார்கள். சென்னையில் சாயங்காலம் போட்ட கடிதம் மறுநாள் காலையில் கல்கத்தாவில் இருக்கும்.

இதில் தூரக் கணக்கைப் பாருங்க. சென்னை–நாக்பூர் சுமார் 900 கிலோமீட்டர். நாக்பூர்–கல்கத்தா சுமார் 980. மொத்தம் 1,880-க்கு மேல். நேர்வழியைவிட 500 கிலோமீட்டர் அதிகம்! டகோடாவும் அப்படி ஒன்றும் வேகமில்லை, மணிக்கு 270 கிலோமீட்டர் மாதிரி. இருந்தும் கடிதம் சீக்கிரம் போனது. எதனால்? எல்லோரும் தூங்குகிற நேரத்தில் அது பறந்தது. அதுவரைக்கும் ராத்திரி என்பது கடிதம் பையில் சும்மா கிடக்கிற நேரம். அந்தக் காத்திருப்பை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

யோசிச்சுப் பார்த்தால் இந்தக் கதை முழுக்கவே அப்படித்தான். பாய்மரம் காற்றுக்காகக் காத்திருந்தது, நீராவி அதை எடுத்தது. தபால்காரன் ஆற்றுக்காகக் காத்திருந்தான், பாலம் அதை எடுத்தது. விடியலுக்காகக் காத்திருந்ததை நாக்பூர் எடுத்தது. வேகம் கூடியதைவிட, நடுவில் நிற்பது குறைந்ததுதான் பெரிய மாற்றம்.

1949 ஏப்ரல் முதல் இன்னொன்றும் செய்தார்கள். சாதாரண ஸ்டாம்ப் ஒட்டிய கடிதமும், தனிக் கட்டணம் இல்லாமலே, விமானத்தில் போகலாம். அதாவது ஒரு கூலித் தொழிலாளி எழுதிய கடிதத்துக்கும் விமானம் உண்டு. எழுதியவர் மட்டும் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்து போகணும்.

அறுபது வருஷமாக மாறாத நேரம்

1953 ஆகஸ்ட் 1-ஆம் தேதி எட்டு தனியார் கம்பெனிகளை இணைத்து இந்தியன் ஏர்லைன்ஸ் வந்தது. 1964-இல் அவர்களிடம் கேரவெல் ஜெட் விமானம் வந்தது. மணிக்குச் சுமார் 800 கிலோமீட்டர். இன்றைக்குப் பறக்கிற விமானங்கள்? 830 பக்கம். அதாவது, 60 வருஷத்தில் சென்னை–கொல்கத்தா வானத்தில் ஆகிற நேரம் பெரிதாக மாறவே இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்க. 1,385-ஐ 830-ஆல் வகுத்தால் ஒரு மணி நாற்பது நிமிடம். ஆனால் டிக்கெட்டில் இரண்டே கால் மணி போட்டிருக்கும். மீதி 35 நிமிடம் எங்கே போனது? விமானம் நகர ஆரம்பிப்பதிலிருந்து அங்கே போய் நிற்கிற வரைக்கும் எண்ணுவார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முறைக்குக் காத்திருப்பது, ஏறுவது, இறங்குவதற்குச் சுற்றுவது எல்லாம் அதில் அடக்கம். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவுகிற நேரத்தில் அந்தப் பக்கத்து வான்வெளியை மூடிவிட்டால் வழியும் கொஞ்சம் மாறும்.

காற்றும் இன்னும் இருக்கிறது. தென்மேற்குப் பருவ மாதங்களில் தென்னிந்தியாவுக்கு மேலே, ரொம்ப உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்கே வேகமாக ஒரு காற்றோட்டம் ஓடும். அதை 1950-களில் விவரித்துச் சொன்னவர் இந்திய வானிலை விஞ்ஞானி பி. கோட்டீஸ்வரம். கிளைவை வாரக்கணக்கில் தடுத்தது காற்று. இன்றைக்கு அதே வேலையைச் செய்கிற காற்றால் நமக்குச் சில நிமிடம்தான் நஷ்டம்.

அப்படியென்றால் கடந்த இருபது வருஷத்தில் எது மாறியது? டிக்கெட் விலை. 2003-இல் கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் வந்த பிறகுதான் விமானம் என்பது பெரிய உத்தியோகஸ்தர்களுக்கு மட்டும் என்ற நிலை உடைய ஆரம்பித்தது. 'சூரரைப் போற்று' பார்த்திருப்பீங்க. சாகக் கிடக்கிற அப்பாவைப் பார்க்கப் போக டிக்கெட்டுக்குக் காசு போதாமல், விமான நிலையத்தில் பயணிகளிடம் கையேந்துகிற காட்சி. அந்தக் காட்சியில் நாம எல்லோரும் அழுதோம், ஏனென்றால் அது சினிமாவுக்காகச் செய்த கஷ்டம் மாதிரித் தெரியவில்லை. காற்று, ஆறு, ராத்திரி எல்லாம் போன பிறகு மிச்சமிருக்கிற ஒரே தடை அதுதான்.

1756 திரும்பி வந்த வாரங்கள்

இந்த 300 வருஷ முன்னேற்றம் ஒரே வாரத்தில் காணாமல் போனதையும் நாம பார்த்தோம். 2020 மார்ச் கடைசி. ரயில் நின்றது. 25-ஆம் தேதியிலிருந்து உள்நாட்டு விமானமும் நின்றது. கும்மிடிப்பூண்டியிலும் சென்னையிலும் வேலை பார்த்த ஒடிசா, பீகார், வங்காளத் தொழிலாளர்களில் எத்தனையோ பேர் இந்த நெடுஞ்சாலையில் வடக்கே பார்த்து நடந்தார்கள், சைக்கிள் மிதித்தார்கள். தொழிலாளர்களுக்கான சிறப்பு ரயில் மே 1-ஆம் தேதிதான் தொடங்கியது.

ஆரம்பாக்கத்திலிருந்து கொல்கத்தாவுக்குச் சாலை வழியாகச் சுமார் 1,600 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர் நடந்தால் 53 நாள். ஏழெட்டு வாரம்! 1756-இல் கல்கத்தா விழுந்த செய்தி சென்னைக்கு வர ஆன அதே நேரம். தபால்காரன் சலங்கையோடு ஓடிய தடத்தில், கையில் ஸ்மார்ட்போனோடு ஒருத்தன் நடக்கிறான். வீட்டில் என்ன நடக்கிறது என்று அவனுக்கு நொடிக்கு நொடி தெரியும்.

இன்னொரு தேதியையும் சொல்லாமல் இந்தப் பாதையைப் பற்றிப் பேச முடியாது. 2023 ஜூன் 2. ஷாலிமாரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், ஒடிசா பாலசோர் மாவட்டம் பஹானகா பஜார் ஸ்டேஷனில் லூப் லைனில் புகுந்து, நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. தடம் புரண்ட பெட்டிகள் பெங்களூரு–ஹவுரா ரயில் மேலும் மோதின. 290 பேருக்கு மேல் இறந்தார்கள். முன்பதிவு இல்லாத பெட்டியில் வந்தவர்கள் பேர் எந்தப் பட்டியலிலும் இல்லை. சொந்தக்காரர்கள் உடலைத் தேடி நாள்கணக்கில் அலைந்தார்கள். 1977-இல் அறிமுகமான இந்த ரயில்தான் கிழக்கு இந்தியாவிலிருந்து நம்ம ஊர்த் தொழிற்சாலைகளுக்கு ஆட்கள் வருகிற முக்கிய வழிகளில் ஒன்று. வேகமாக வருகிற பாதை என்பது பாதுகாப்பாக வருகிற பாதையாகவும் இருக்கணும் என்பதை அந்த இரவு ரொம்பக் கொடுமையாக ஞாபகப்படுத்தியது.

அந்தப் பையனுக்குச் சொன்ன கணக்கு

இப்போது டீக்கடைக்குத் திரும்புவோம். "ரெண்டு மணி நேரத்துல வீட்டுக்குப் போயிடலாமா அண்ணா?"

டீ கிளாஸை வைத்துவிட்டு, அவனோடு சேர்ந்து கணக்குப் போட்டேன். ஆரம்பாக்கத்திலிருந்து சூளூர்பேட்டை லோக்கலைப் பிடித்து சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவில் ஏர்போர்ட்: 3 மணி நேரம். இரண்டு மணி நேரம் முன்னாடியே உள்ளே போகணும். விமானம் இரண்டே கால் மணி. டம்டமில் இறங்கி ஹவுரா போக ஒன்றரை மணி. ஹவுராவிலிருந்து கரக்பூருக்கு லோக்கல் ரயில் 3 மணி. அங்கிருந்து பஸ்ஸில் ஊருக்கு ஒன்றரை மணி.

"தம்பி, ரெண்டு இல்ல, பதிமூணு மணி நேரம் ஆகும்" என்றேன்.

விமானம் பறக்கிற நேரம் அதில் ஆறில் ஒரு பங்குதான். மீதி எல்லாம் தரையில். ஆனால் ரயில் என்றால்? சென்ட்ரல் போய், கோரமண்டலில் கரக்பூர் இறங்கி, பஸ் பிடித்தால், சீட் கிடைத்தால், கிட்டத்தட்ட 30 மணி நேரம். அதாவது விமானம் அவனுக்கு மிச்சம் பிடித்துத் தருவது 17 மணி நேரம். அவன் அப்பாவின் நிலைமையில் அது சின்ன விஷயம் இல்லை. கடைசி நேர டிக்கெட் விலையைப் பார்த்தான். ஸ்லீப்பர் கட்டணத்தைவிடப் பல மடங்கு. ஒன்றும் பேசாமல் போனைப் பையில் போட்டுக்கொண்டான்.

அன்று சாயங்காலம் ரூமில் இருந்த மற்ற ஐந்து பேரும் கையில் இருந்ததைப் போட்டு டிக்கெட் எடுத்துக் கொடுத்தார்கள். அதற்கு முன்னாடி அவன் விமானத்தில் ஏறியதே இல்லை. மறுநாள் ராத்திரி எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது: "அண்ணா, அப்பாவப் பாத்துட்டேன். என்னை அடையாளம் தெரிஞ்சுது."

நான்கு நாள் கழித்து அப்பா போய்விட்டார். காரியமெல்லாம் முடித்து, மூன்று வாரத்தில் அவன் திரும்பி வந்தான். ரயிலில்தான், முன்பதிவு இல்லாத பெட்டியில், பாதி தூரம் நின்றுகொண்டு. வாங்கிய பணத்தை மாசாமாசம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

இப்போதும் சில நாள் அதே டீக்கடையில் அவனைப் பார்ப்பேன். எதிரே ஸ்டேஷன் பக்கம் வடக்கே போகிற எக்ஸ்பிரஸ் நிற்காமல் தடதடவென்று போகும். ஒருநாள் அதைப் பார்த்தபடியே கேட்டான்: "அண்ணா, அந்தக் காலத்துல எங்க ஊர்ல இருந்து இங்க வர எவ்ளோ நாள் ஆகும்?" அவனுக்காகச் சொல்ல ஆரம்பித்த பதில்தான் இந்த எபிசோட்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கதை இருக்கும். தந்தி வந்து ஓடிப் போனது, பஸ் கிடைக்காமல் போய்ச் சேர முடியாமல் போனது, கடைசி நேரத்தில் முகம் பார்த்தது. பெரியவங்களிடம் கேட்டு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.